பிரஷர் இருக்கிறதா? ரத்தக்குழாய் இறுகுவதையும் உள்ளே ரத்தம் உறைவதையும் கவனிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரஷர் என்று டாக்டர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ரத்தம் கெட்டியாயிடுச்சா? நீர்த்துப்போக ஏதாவது சாப்பிடணுமா?" பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடிக்கச் சொல்லுவார் பக்கத்து வீட்டு அக்கா. தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டால் மாரடைப்பே வராது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகப் பிரஷர் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கும், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். பிரஷர்காரர்களுக்குக் கோளாறு குழாயின் சுவரில்தான் தொடங்குகிறது. ரத்தம் உறைவது அதற்குப் பின்னால் வருகிற கதை. அதனால் ரத்தத்தை "நீர்க்க" வைக்கும் முயற்சியை விட்டுவிட்டுச் சுவரைக் காப்பாற்றும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

உள்ளே என்னதான் நடக்கிறது

இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி வெறும் குழாய் இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் அது விரிந்து கொஞ்சம் ரத்தத்தைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் சுருங்கி, பிடித்து வைத்ததை முன்னால் தள்ளுகிறது. இதயம் விட்டு விட்டு அடித்தாலும் உறுப்புகளுக்கு ரத்தம் விடாமல் போய்ச் சேருவது இதனால்தான். விரியவும் சுருங்கவும் உதவுவது எலாஸ்டின் என்ற நார். இதில் பெரும்பகுதி சின்ன வயதிலேயே உண்டாகிவிடுகிறது. பிற்பாடு அறுந்தால் உடம்பு அதைச் சரியாகப் புதுப்பிப்பதில்லை.

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. பிரஷர் கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் சுவர் கூடுதலாக இழுபடுகிறது. வருடக்கணக்கில் இப்படி இழுபட்டு எலாஸ்டின் நார் அறுகிறது. அந்த இடத்தை விறைப்பான கொலாஜன் நார் பிடித்துக்கொள்கிறது, சிலருக்குக் கால்சியமும் படிகிறது. மொட்டைமாடியில் நாலு கோடை வெயிலில் கிடந்த ரப்பர் ட்யூபை எடுத்து அழுத்திப் பாருங்கள். அந்த மாதிரிதான் ஆகிவிடுகிறது. சுகர், சிறுநீரகக் கோளாறு, புகையிலை மூன்றும் இதை வேகப்படுத்தும்.

குழாய் இறுகிவிட்டால் துடிப்பின் வேகத்தைத் தாங்கிக்கொள்ள ஆளில்லை. அது நேராக மூளையிலும் சிறுநீரகத்திலும் இருக்கும் மெல்லிய குழாய்களில் போய் இடிக்கிறது. இதயமும் கூடுதல் பலத்தோடு தள்ளித் தள்ளிச் சுவர் தடித்துப்போகிறது.

இனி ரத்தம் உறைவது. குழாயின் உட்பக்கம் ஒற்றை அடுக்காக ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் போன்ற பொருள்களை அது சுரந்துகொண்டே இருப்பதால்தான் ரத்தத்தட்டுகள் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய துகள்கள்) சுவரில் ஒட்டாமல் நழுவிப் போகின்றன. உயர்ந்த பிரஷர் அந்தப் படலத்தை நோகடிக்கிறது. நழுவவைக்கும் பொருள் குறைகிறது, ஒட்டவைக்கும் பொருள் கூடுகிறது. உறைந்ததைக் கரைக்கும் உடம்பின் சொந்த ஏற்பாடும் மந்தமாகிறது. சுவர், ஓட்டம், ரத்தத்தின் தன்மை மூன்றில் கோளாறு வந்தால் உறைகட்டி உண்டாகும் என்று 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோவின் பெயரால் ஒரு பாடம் உண்டு. நாள்பட்ட பிரஷரில் மூன்றுமே கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறுகின்றன.

இவ்வளவு அழுத்தம் இருந்தால் குழாய் வெடிக்கத்தானே வேண்டும் என்று தோன்றும். வெடிப்பதும் உண்டு. ஆனால் பக்கவாதங்களில் பெரும்பகுதி அடைப்பினால்தான் வருகிறது. மாரடைப்பு அநேகமாக எப்போதுமே அடைப்புதான். அடைப்பும் வெடிப்பும் ஒரே ஆளுக்கு வரக்கூடியவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் பேச்சு வரும்போது இது தேவைப்படும்.

முதல் வேலை: வீட்டில் ஒழுங்காக அளப்பது

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மேல்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை கைக்கு ஏற்ற அளவாக இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் கூடுதலாகக் காட்டும், வீணாக ஒரு மாத்திரை கூடும்.

அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில், கால்மேல் கால் வேண்டாம். கையை மேஜைமேல் நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். சட்டைக் கையின்மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். 5 நிமிடம் சும்மா இருங்கள். சீரியல் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அளக்கும்போது பேசவும் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

காலையில் மாத்திரைக்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இப்படி 7 நாள். முதல் நாள் பதற்றத்தில் கூடுதலாக வரும், அதை விட்டுவிட்டு மற்ற நாள்களின் சராசரியை எடுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது உயர் ரத்த அழுத்தத்தின் கோடு என்றால் வீட்டு அளவில் அந்தக் கோடு 135/85. வீட்டு எண் பொதுவாகக் கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு. ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, டோக்கன் கூப்பிடுவார்களா என்று பதறிக்கொண்டே எடுத்த ஒற்றை அளவைப் பிடித்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், அதை வைத்தே நிம்மதி அடையவும் வேண்டாம்.

முதல் தடவை மட்டும் இரண்டு கையிலும் அளந்து பாருங்கள். மேல் எண்ணில் (140/90 என்றால் 140 மேல் எண், 90 கீழ் எண்) 10, 15-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு கைக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கலாம். டாக்டரிடம் சொல்லுங்கள். அதன்பின் கூடுதலாகக் காட்டும் கையிலேயே எப்போதும் அளக்கலாம்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று. உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறுபடி அளங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் நிற்கும்போது தலைசுற்றி விழும் அபாயம் இருக்கிறது. இறுகிய குழாய் உள்ளவர்களிடம் இது அதிகம். சித்திரை வெயிலில், அதுவும் சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இன்னும் அதிகம்.

அப்புறம் ஒரு கழித்தல் கணக்கு

மேல் எண்ணிலிருந்து கீழ் எண்ணைக் கழியுங்கள். 120/80 என்றால் 40. அது இயல்பு. நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இந்த வித்தியாசம் தொடர்ந்து 60-ஐத் தாண்டினால் பெரிய குழாய்கள் இறுகத் தொடங்கியிருக்கின்றன என்பதன் அடையாளம். காசு செலவில்லாத சோதனை.

"அம்மாவுக்கு 168/72. கீழ் பிரஷர் நார்மல்தானே, பரவாயில்லை" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். வித்தியாசம் 96. இங்கே கீழ் எண் இறங்கியிருப்பது நல்ல செய்தி இல்லை. குழாய் ரத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாததால் இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் அழுத்தம் தங்கவில்லை. இதயத் தசை தனக்கான ரத்தத்தில் பெரும்பகுதியை அந்த ஓய்வு நேரத்தில்தான் பெறுகிறது என்பதால் அதற்கும் நஷ்டம். வயதானவர்களுக்கு மேல் எண் மட்டும் உயர்வது "வயசானா அப்படித்தான்" என்று விடக்கூடிய விஷயம் இல்லை.

ரத்தசோகை, தைராய்டு கூடுதல், மகாதமனி வால்வு கசிவு இவற்றிலும் இந்த வித்தியாசம் அகலும். ஆகவே கணக்கைப் போட்டுவிட்டு நீங்களே முடிவுகட்ட வேண்டாம், நோட்டை டாக்டரிடம் நீட்டுங்கள்.

எந்தச் சோதனை வேண்டும், எது வேண்டாம்

வேண்டியவை சாதாரணமானவை: ஈசிஜி, சுகர், கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம். ஆல்புமினை மட்டும் விட்டுவிடாதீர்கள். சின்னக் குழாய்கள் நோகத் தொடங்கியதை அது சீக்கிரமே காட்டிக்கொடுக்கும். எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் விட்டுவிடுகிறது என்றால், கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரோடு ஒப்பிடும் சோதனையைக் கேளுங்கள். அந்த விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் கால் குழாயில் அடைப்பு. 1.4-க்கு மேல் போனால் குழாய் அழுத்தவே முடியாத அளவுக்கு இறுகியிருக்கிறது.

குழாயின் இறுக்கத்தை நேரடியாக அளக்கவும் வழி உண்டு. கழுத்து நாடிக்கும் தொடை நாடிக்கும் இடையே துடிப்பின் அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பார்கள். இறுகிய குழாயில் அலை வேகமாக ஓடும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவலைப்பட வேண்டிய அளவு. ஆராய்ச்சிக்கு அருமையான சோதனை. ஆனால் "உங்கள் ரத்தக்குழாயின் வயது" என்று பேக்கேஜில் சேர்த்து விற்கப்படுவதற்குப் புதியவர்கள் ஓட வேண்டியதில்லை. முடிவு எதுவானாலும் கடைசியில் சொல்லப்போவது பிரஷரைக் குறை என்றுதான். அந்தக் காசுக்கு ஒரு நல்ல பிரஷர் கருவி வரும்.

டி-டைமர் (உறைகட்டி கரையும்போது வரும் துணுக்கை அளப்பது), உறையும் நேரம் முதலிய ரத்தப் பரிசோதனைகளும் அப்படித்தான். ஒரு தொந்தரவும் இல்லாத பிரஷர்காரருக்கு அவற்றால் பயனில்லை. டி-டைமர் காய்ச்சலுக்கும் ஏறும், வயதுக்கும் ஏறும், பீதிதான் மிச்சம்.

நாடியைத் தொட்டுப் பாருங்கள்

மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே, இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் கவனியுங்கள். துடிப்பு ஒழுங்காக வருகிறதா, தாறுமாறாக வருகிறதா? பல டிஜிட்டல் கருவிகளே ஒழுங்கற்ற துடிப்புக்கு ஒரு குறி காட்டும். அடிக்கடி அப்படி வந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். நாள்பட்ட பிரஷரில் இதயத்தின் மேலறை விரிந்து நடுங்கத் தொடங்கலாம். ரத்தம் அங்கே தேங்கி உறைந்து, துண்டு கிளம்பி மூளைக்குப் போய்விடும். இந்த நிலைக்கு ஆஸ்பிரின் போதாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அபிக்ஸபான், டாபிகாட்ரான் வகை மருந்துகள்தான் தேவைப்படும். யாருக்கு வேண்டும் என்பதை வயதும் மற்ற நோய்களும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

ஆஸ்பிரின்: நீங்களாகத் தொடங்காதீர்கள்

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், அடைப்பினால் பக்கவாதம் வந்தவர் இவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர் காக்கும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. எதுவுமே வராதவர் கதை வேறு. நல்ல ஆரோக்கியத்தில் இருந்த முதியவர்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தினசரி ஆஸ்பிரின் இதயநோயைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்கவில்லை, ரத்தக்கசிவைத்தான் கூட்டியது. அடைப்பும் வெடிப்பும் ஒரே ஆளுக்கு வரலாம் என்றேனே, அதுதான் காரணம். பிரஷர் கட்டுக்குள் இல்லாதபோது ஆஸ்பிரின் போட்டால் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம்.

இப்படி எதுவும் வராத பிரஷர்காரருக்கு உறைதலைக் குறைக்கும் நிஜமான மருந்து பிரஷர் மாத்திரைதான். மேல் எண்ணை 10 குறைத்தால் பக்கவாதம் சுமார் நாலில் ஒரு பங்கு குறைவதாகப் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கணக்கு சொல்கிறது. அறுந்த நார் திரும்ப முளைக்காதுதான். ஆனால் அழுத்தம் இறங்கினால் சுவர் தளர்கிறது, மேலும் அறுவது குறைகிறது. காலையில் சாப்பிடலாமா இரவிலா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையால்தான் அது நார்மல்.

மாத்திரை தீர்ந்துபோவது பெரிய பிரச்சினை என்றால், கடலூர் மாவட்டக்காரர்களுக்கு 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இது தமிழ்நாட்டுத் திட்டம். ரெட்டிச்சாவடியைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் வந்துவிட்டால் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களையும் அரசு மருத்துவமனைகளையும்தான் பார்க்க வேண்டும். சாதாரண பிரஷருக்கு மாதாமாதம் ஜிப்மர் வரிசையில் போய் நிற்கத் தேவையில்லை. சிக்கலான நிலைமைக்கு அது இருக்கட்டும்.

வேறு சில பொருள்கள் பிரஷரை ஓசையில்லாமல் ஏற்றிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் அதில் முதலாவது. அது பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். தொண்டைக்கு நல்லது என்று தினமும் மெல்லும் அதிமதுரமும் பொட்டாசியத்தை இறக்கிப் பிரஷரை ஏற்றும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பிரஷரையும் ஏற்றும், உறைதலையும் கூட்டும். பிரஷர் உள்ள பெண்கள் வேறு முறைக்கு மாறுவது நல்லது.

நம்ம ஊர்ச் சாப்பாடும் நடையும்

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி. கடலூர் முதுநகர்க் கருவாடு, பழைய சோற்றுக்கு மோர்மிளகாய், மாவடு, அப்பளம் என்று சாப்பிடும் கடற்கரை ஊர்களில் அந்தத் தேக்கரண்டி மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். கருவாட்டை விடவே முடியாது என்பவர்கள் மாதத்தில் ஓரிரு நாளாகக் குறைத்து, வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணீரை இரண்டு தடவை கொட்டிவிட்டுச் சமையுங்கள். குழம்புக்கு உப்பே வேண்டாம். பச்சை மீன் தாராளமாகச் சாப்பிடலாம், வறுவலைவிடக் குழம்பு நல்லது. பண்ருட்டி முந்திரி வாங்கினால் உப்பு போடாததை வாங்குங்கள்.

சோடியம் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் அப்படிப்பட்ட உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது என்று 2021-இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், எனாலபிரில் வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்காமல் மாறக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். தினசரி இளநீருக்கும் இதே எச்சரிக்கை.

பூண்டைப் பற்றிக் கேட்பீர்கள். ரசத்தில் போட்டுச் சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம். புதுச்சேரிக்காரர்களுக்குச் சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டி நுழையாத கடற்கரைச் சாலை இருக்கிறது, கடலூரில் சில்வர் பீச். மூச்சு லேசாக வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும், அந்த வேகம் போதும். நடை முடிந்ததும் பஜ்ஜிக் கடைப்பக்கம் ஒதுங்கினால் நடந்த பலன் அங்கேயே கழிந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரக்கு விலை குறைவான ஊரில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும்: மது பிரஷரை ஏற்றும், மேலறை நடுக்கத்தையும் கிளப்பும். புகையிலை, அது பீடியோ வாயில் ஒதுக்குவதோ, மொத்தமாக விட வேண்டியது.

கால் வீங்கினால்

அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் பலருக்கு இரண்டு கணுக்காலும் சாயங்காலத்தில் வீங்கும். அது உறைகட்டி இல்லை. மருந்தின் பக்கவிளைவு, டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அது சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) உறைகட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். அதோடு திடீரென்று மூச்சுத் திணறினால் அவசரம். பொதுவாகப் பிரஷருக்கும் தமனி (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்) அடைப்புக்கும் உள்ள உறவு நெருக்கமானது. கால் சிரை உறைகட்டிக்கு ஆபரேஷன், நெடுநாள் படுக்கை, புற்றுநோய், கர்ப்பம் இவைதான் பெரிய காரணங்கள்.

அவசரத்துக்கு இப்போதே ஏற்பாடு

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, திடீரென்று பார்வை போவது. இதில் எது வந்தாலும், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும்கூட, 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் 4.5 மணி நேரத்துக்குள்தான் வழக்கமாகப் போடுவார்கள். கையால் தேய்த்துவிட்டு, காபி கொடுத்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்க வைப்பதில் அந்த நேரம் போய்விடுகிறது. ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அடைப்பா கசிவா என்று சிடி ஸ்கேன் பார்த்த பிறகுதான் தெரியும். நாக்குக்கு அடியில் பிரஷர் மாத்திரை வைக்கும் பழைய பழக்கமும் வேண்டாம், திடீரென்று பிரஷர் விழுந்தால் மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும்.

நெஞ்சில் பாரம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் வாய்வு என்று சோடா வாங்கிக் குடிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளை "இதயம் காப்போம்" திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் வழியில் அது உதவும்.

உங்கள் வீட்டிலிருந்து எந்த ஆஸ்பத்திரியில் 24 மணி நேரமும் சிடி ஸ்கேனும் கரைக்கும் ஊசியும் இருக்கின்றன என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்குப்பத்துக்காரருக்கும் பாகூர்க்காரருக்கும் பதில் ஒன்றாக இருக்காது. சனி ஞாயிறு புதுச்சேரி நெரிசலையும் கணக்கில் சேருங்கள். ஆள் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தில் வந்திருந்தால் படுக்கப் போன நேரம்தான் கணக்கு. மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வார்ஃபரின், அபிக்ஸபான் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறவர் என்றால் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், கரைக்கும் ஊசி போடலாமா கூடாதா என்பதையே அது மாற்றிவிடும்.